கோர்த்த கைகளை வரையுங்கள்

சென்னை மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையை நான் எப்போதும் பின்பக்கமாகப் போய்த்தான் பார்ப்பேன். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த சிலை; 1959-ல் நிறுவப்பட்டது. நான்கு ஆண்கள் சேர்ந்து ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். முன்னால் நின்றால் நான்கு பேர் தெரிவார்கள். பின்னால் போனால்தான் அவர்கள் செய்யும் வேலை தெரியும். எந்த முதுகில் தசை இறுகியிருக்கிறது, எந்தக் குதிகால் தரையில் ஊன்றியிருக்கிறது, ஒருவனுடைய பலம் ஓய்கிற இடத்தில் அடுத்தவனுடைய பலம் எப்படி வந்து சேர்கிறது என்பதையெல்லாம் அந்தச் சிற்பி முதுகுப்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஓவியம் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் நான் முதலில் காட்ட விரும்பும் சிலை அதுதான்.

அதே கடற்கரைச் சாலையில் கண்ணகி நிற்கிறாள், ஔவையார் நிற்கிறார். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைக்கப்பட்ட சிலைகள். கண்ணகி எல்லாவற்றையும் இழந்த பிறகு நீதி கேட்கிறவள். ஔவை முதுமையும் புலமையும் கூடியவர். இருவர் மீதும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இருவரும் தனித்தனியாக நிற்கிறார்கள். நான்கு பெண்கள், ஏழு பெண்கள், பதினோரு பெண்கள் ஒரே காரியத்தில் உடம்பைக் கொடுத்து, ஒருத்தி பலத்தை இன்னொருத்தி வாங்கிக்கொண்டு நிற்கும் சிலை ஒன்றை அந்தச் சாலையில் நான் பார்த்ததில்லை. எங்கள் மாவட்டத்திலும் பார்த்ததில்லை.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பள்ளியில் படித்த காலத்தில் கபடி ஆடினேன், லெஃப்ட் கார்னர். அதனால் இந்த விஷயம் எனக்கு இரண்டு பக்கமும் சொந்தம். பெண்கள் விளையாடுவதை நம் ஊரில் வரைகிறவர்களும், படம் எடுக்கிறவர்களும், சிலை வைக்கிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே தப்பைச் செய்கிறார்கள். குழுவாக ஆடுகிற பெண்களை எடுத்து, அதில் ஒருத்தியை மட்டும் பிரித்து, அவள் கழுத்தில் மாலை போட்ட பிறகுதான் வரைகிறார்கள். ஆட்டம் அங்கே இருப்பதில்லை. கூட ஆடியவர்களும் இருப்பதில்லை.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதிப் போட்டியில் ஈரானை 75-21 என்று வென்று தங்கம் வாங்கியது. துணைத் தலைவி கார்த்திகா, சென்னை கண்ணகி நகர்ப் பெண். செய்தி வந்த வாரம் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நாளிதழ்ப் படங்களை வெட்டி வெட்டிக் கொண்டுவந்து தகவல் பலகையில் ஒட்டினார்கள். பதக்கத்தோடு நிற்கும் படம், மாலையோடு நிற்கும் படம், முதலமைச்சரிடம் 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை பெறும் படம். எல்லாமே மகிழ்ச்சியான படங்கள்தான், அவை அச்சாகத்தான் வேண்டும். பலகை நிறைந்த பிறகு எங்கள் பள்ளி அணியின் கார்னர் ஆடும் பெண் வந்து நின்று பார்த்துவிட்டு, “ரைடு போற போட்டோ ஒண்ணுகூட இல்லையே டீச்சர், எப்படி ஆடினாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?” என்று கேட்டாள். 75 புள்ளிகள் எடுத்த ஓர் ஆட்டத்தைப் பற்றி, அதே ஆட்டத்தை ஆடும் ஒரு பிள்ளை பார்த்துக் கற்றுக்கொள்ள எங்கள் பலகையில் ஒரு படம் கிடைக்கவில்லை.

இதைப் பிள்ளைகள் எப்படி உள்வாங்கியிருக்கிறார்கள் என்பது வகுப்பில் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பில், “நம்ம பள்ளிக் கபடி டீமை வரைங்க” என்று சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே படத்தை வரைந்தார்கள். ஏழு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், எல்லோர் முகமும் நேரே நம்மைப் பார்க்கிறது, நடுவில் நிற்பவள் கையில் கோப்பை. முடியில் ரிப்பன் அழகாக வந்திருந்தது, பனியனில் எண் சுத்தமாக வந்திருந்தது. கால்கள் எல்லாம் குச்சியாக, தரையைத் தொடாமல் நின்றன. தினமும் சாயங்காலம் தங்கள் கண் முன்னால் நடக்கும் ஆட்டத்தை ஒரு பிள்ளையும் வரையவில்லை. பெண்கள் விளையாட்டு என்றால் அது முடிந்த பிறகு எடுக்கும் குரூப் போட்டோ என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்த படங்கள் சொல்லித்தந்திருக்கின்றன.

அதன் பிறகு அவர்களை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். நோட்டும் பென்சிலும் மட்டும். முகத்தை வரையக் கூடாது என்று ஒரே ஒரு விதி வைத்தேன். முதலில் கால்களை மட்டும் வரையச் சொன்னேன். கோட்டைத் தாண்டி உள்ளே வரும் ரைடரின் முன்னங்கால், பின்னால் இழுக்கத் தயாராக இருக்கும் பின்னங்கால். எதிர்ப்பக்கம் கார்னரில் நிற்பவளின் மடங்கிய முழங்கால். பெண்கள் கபடியில் ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அதில் ஒரு பாதிக்குள் ஏழு பேர் நிற்க, முப்பது வினாடிக்குள் ஒருத்தி வந்து தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த நெருக்கத்தை வரைவது எவ்வளவு கஷ்டம் என்பது வரைந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தனியாக நிற்கும் உருவத்துக்கு ஒரு வெளிக்கோடு போதும். கைகோர்த்துச் செயின் பிடித்துச் சுற்றி வளைக்கும் பெண்களுக்கு வெளிக்கோடே கிடையாது. ஒருத்தி கை முடிகிற இடம் இன்னொருத்தி மணிக்கட்டு. ஒருத்தி இடுப்பின் பின்னாலிருந்து மூன்றாமவளின் தோள் வருகிறது. கார்னர் கணுக்காலைப் பிடித்ததும் கவர் ஆடுபவள் வந்து உடம்பால் மோதி டாஷ் கொடுக்கிறாள், மற்றவர்கள் விழுந்து அமுக்குகிறார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரே ஒரு கை மட்டும் நடுக்கோட்டை நோக்கி நீள்கிறது.

ஒரு பிள்ளை அந்தக் குவியலை வரைந்திருந்தாள். அளவு சரியில்லை, ஒரு முதுகு இரண்டு ஆள் நீளம் இருந்தது. ஆனால் கைகள் உயிரோடு இருந்தன. வரைந்தவளுக்கே குழப்பம்: “டீச்சர், இந்தக் கை யாரோடதுன்னு தெரியல.” அணியின் கார்னர் பெண் குனிந்து பார்த்தாள். “இது என் கை” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பிடியைக் காட்டினாள். ஒரு கை கணுக்காலைச் சுற்றியிருக்க, இன்னொரு கை அந்தக் கையின் மணிக்கட்டையே பூட்டியிருக்கும், அது தன் பழக்கம் என்றாள். புகைப்படத்தில் எப்போதும் ஓரத்தில் நிற்கிற பிள்ளை அவள். புள்ளி எடுக்கிற ரைடருக்குப் பெயர் கிடைக்கும்; பிடிக்கிறவளுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. முகமே இல்லாத ஒரு பென்சில் படத்தில் அவள் தன்னைக் கண்டுபிடித்தாள். கலை இந்த விஷயத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டாம்.

அந்தப் படங்களை வைத்துப் பள்ளிச் சுற்றுச்சுவரில் பெரிதாக வரையலாம் என்று முடிவு செய்தோம். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பிரைமர் அடித்து, கட்டம் போட்டு, கரிக்கோட்டில் உருவங்களை ஏற்றினோம். மறுநாளே பேச்சு வந்தது. அரைக்கால் டவுசரை முழு பேண்ட்டாக மாற்றிவிடுங்கள் என்றார் ஒருவர். கீழே விழுந்து கிடக்கிற மாதிரி வேண்டாம், நிற்கிற மாதிரி போடுங்கள் என்றார் இன்னொருவர். பெண் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் பரதநாட்டியம் வரையலாமே, கோலம் வரையலாமே என்றார்கள். கடைசியில் பாதிச் சுவர் கபடியும் மீதிச் சுவர் மயிலுமாக முடிந்தது. யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர்களின் பயம் பொய்யில்லை. கையில் போன் வைத்திருப்பவன் எந்தப் படத்தை எடுத்து எங்கே போடுவான் என்று தெரியாத காலம் இது. ஆனால் அந்தப் பயத்துக்குப் பதில் படத்தை மறைப்பதா என்பதுதான் கேள்வி.

ஆஸ்திரேலியாவில் இதே கேள்வி நாடே பார்க்கும்படி எழுந்தது. 2019 மார்ச்சில் பெண்களுக்கான ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்துப் போட்டியில் கார்ல்டன் அணியின் டெய்லா ஹாரிஸ் பந்தை உதைக்கும் கணத்தை மைக்கேல் வில்சன் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்தார். இரண்டு கால்களும் தரையில் இல்லை. உதைத்த கால் உயரே நீண்டிருக்கிறது. விளையாட்டுப் படங்களில் அப்படி ஒரு படம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். சமூக ஊடகத்தில் போட்டதும் அதன் கீழே ஆபாசமான வசைகள் குவிந்தன. ஒளிபரப்பிய தொலைக்காட்சி நிறுவனம் என்ன செய்தது? வசைகளை விட்டுவிட்டுப் படத்தை எடுத்துவிட்டது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகு மன்னிப்புக் கேட்டுப் படத்தைத் திரும்பப் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மெல்போர்ன் ஃபெடரேஷன் சதுக்கத்தில் அந்த உதை வெண்கலச் சிலையாக நின்றது. டெரன்ஸ் பிளவ்ரைட் செய்தது, 3.3 மீட்டர் உயரம். இவ்வளவு இளம் வயதில் ஒருத்திக்குச் சிலையா என்று அங்கேயும் கேட்டார்கள். எனக்கு அந்தச் சிலை பிடிக்கும். அது வென்று முடித்தவளின் சிலை கிடையாது, ஆடிக்கொண்டிருப்பவளின் சிலை. எந்த உடம்பை வைத்து அவளை அவமானப்படுத்தினார்களோ, அந்த உடம்பு என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை ஊர் நடுவில் வைத்துக் காட்டினார்கள்.

ஆடுகிற பெண்ணை எப்படிப் பார்ப்பது என்ற சிக்கல் நமக்கும் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி வருகிறது. பெண்கள் கூடிப் பந்தடித்துப் பாடுகிறார்கள். அதே இடத்தில் அம்மானையும் ஊசலும் வள்ளைப் பாட்டும் உண்டு. பெண்கள் சேர்ந்து ஆடியது நம் இலக்கியத்தில் பதிவாகித்தான் இருக்கிறது. ஆனால் பிற்கால நூல்களில் வரும் காட்சிகளில் பார்வை மாறிவிடுகிறது. சீவக சிந்தாமணியில் விமலையின் பந்து உருண்டு வருவது சீவகன் அவளைப் பார்ப்பதற்காக. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும்போது புலவரின் கண் வளையலிலும் தண்டையிலும் இடையிலும் இருக்கிறது. சந்தம் துள்ளும் பாட்டு. நான் மனப்பாடமாகச் சொல்வேன். இருந்தாலும் அவள் பந்தை எந்தக் கையால் எப்படி அடித்தாள், தவறவிட்டாளா, எதிரே யார் ஆடினார்கள் என்று அதில் தேடினால் கிடைக்காது. கோயில் தூணில் பந்தாடும் பெண்ணைச் செதுக்கியவரும் அவளை அழகாக வளைத்து நிறுத்தியிருக்கிறார். அவள் தனியாக ஆடுகிறாள். இன்றைக்குச் செய்தித்தாளில் வீராங்கனை படம் போடுகிறவர் எந்தக் கோணத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில் அந்தப் பழைய கண் கொஞ்சம் இன்னும் இருக்கிறது.

இங்கிலாந்திலும் ஒரு கதை உண்டு, அதைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெஸ்டன் நகரில் வெடிமருந்துத் தளவாடங்கள் செய்த தொழிற்சாலைப் பெண்கள் சேர்ந்து ‘டிக், கெர் லேடீஸ்’ என்ற கால்பந்து அணியைத் தொடங்கினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் கூடிசன் பார்க்கில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். இடமில்லாமல் திரும்பியவர்கள் வேறு. அடுத்த ஆண்டு டிசம்பர் 5-ம் தேதி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி, தன் சங்கத்தைச் சேர்ந்த மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. தடை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது. அந்த அணியின் லில்லி பாருக்கு மான்செஸ்டரில் உள்ள தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் 2019-ல் சிலை வைத்தார்கள். ஹன்னா ஸ்டூவர்ட் செய்தது. பிரிட்டனில் ஒரு கால்பந்து வீராங்கனைக்கு வைக்கப்பட்ட முதல் சிலை அதுதான். 2023 ஜனவரியில் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் பெலிண்டா கிளார்க்கின் சிலை திறக்கப்பட்டது. உலகில் ஒரு கிரிக்கெட் வீராங்கனைக்கு வைக்கப்பட்ட முதல் பொதுச் சிலை என்று அதைச் சொல்கிறார்கள். 1997-ல் மும்பையில் டென்மார்க்குக்கு எதிராக 229 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றவர் அவர். ஒருநாள் போட்டியில் முதல் இரட்டைச் சதம், ஆண்களையும் சேர்த்துத்தான்.

இந்தச் சிலைகள் வந்தது பெரிய காரியம். ஒன்றுமே இல்லாமல் இருந்ததற்கு ஒன்று இருப்பது மேல். ஆனாலும் 53,000 பேரை மைதானத்துக்கு வரவழைத்தது ஓர் அணி. வெண்கலத்தில் நிற்பது ஒருத்தி. குழு ஆட்டத்தைச் சிலையாக்குவது செலவு, சிரமம் என்பது எனக்குத் தெரியும். ராய் சௌத்ரிக்கும் நான்கு உடம்புகளைச் செய்வது ஓர் உடம்பைச் செய்வதைவிடச் சிரமமாகத்தான் இருந்திருக்கும். உழைப்பு என்பது தனி ஆள் காரியம் ஆகாது என்று அவர் நினைத்ததால்தான் செய்திருப்பார்.

நம் சினிமாவையும் பார்க்கிறேன். ‘கனா’வில் ஒரு கிராமத்துப் பெண் பந்து வீசுவதைக் காட்டினார்கள், எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வந்து மைதானத்தில் பந்து கேட்டார்கள். ‘பிகில்’ ஒரு தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணியின் கதை. படத்தின் சுவரொட்டிகளில் பெரிதாக இருந்தது பயிற்சியாளராக நடித்த கதாநாயகனின் முகம். அதிலும் ஒரு வீராங்கனையின் உடல் பருமனைச் சொல்லித் திட்டி அவளுக்கு ரோஷம் வரவைப்பதாக ஒரு காட்சி. குண்டாக இருக்கும் பிள்ளைகளைக் கபடிக்கு அழைத்துவரப் படும் பாட்டை அறிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் காட்சி எங்கள் வேலையைக் கடினமாக்கியது. அந்தப் படத்துக்கு முந்தைய ஆண்டே, 2018-ல், தமிழ்நாடு சீனியர் பெண்கள் கால்பந்து அணி மணிப்பூரை வென்று முதல் முறையாகத் தேசியக் கோப்பையை எடுத்திருந்ததை எத்தனை பேர் அறிவார்கள்? 2023-ல் மறுபடியும் எடுத்தார்கள். அந்த அணிகளின் ஆட்டத்தை வரைந்த சுவர் எங்காவது இருந்தால் பேருந்து ஏறிப் போய்ப் பார்ப்பேன்.

அரசு விளையாட்டு விழாக்களுக்கும் படம் தேவைப்படுகிறது. அப்போது நாம் யாரை வரைகிறோம்? 2022 செஸ் ஒலிம்பியாடுக்குச் சென்னை நேப்பியர் பாலத்தைச் சதுரங்கக் கட்டமாக மாற்றினார்கள். நகரமே போய்ப் பார்த்தது. ஒரு படம் ஓர் ஆட்டத்தை எவ்வளவு தூரம் வீட்டுக்குள் கொண்டுபோகும் என்பதற்கு அது சாட்சி. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளுக்கு ‘வீர மங்கை’ என்று வேலு நாச்சியாரைச் சின்னமாக வைத்தார்கள். வேலு நாச்சியார் நமக்குப் பெருமைதான். என்றாலும் விளையாட்டு விழாவிலும் பெண் என்றதும் ராணிதான் நினைவுக்கு வருகிறாள். முழங்காலில் காய்ப்பு ஏறிய பதினாறு வயதுப் பெண் நினைவுக்கு வருவதில்லை.

நல்ல படம் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால், 2025 நவம்பர் 2 இரவைச் சொல்வேன். நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கௌர் பின்னோக்கி ஓடிக் கடைசிக் கேட்சைப் பிடிக்க, இந்தியப் பெண்கள் முதல் முறையாக ஒருநாள் உலகக் கோப்பையை வென்றார்கள். அந்தக் கேட்ச் படம் எல்லா இடத்திலும் வந்தது. எனக்கு அதைவிட முக்கியமானவை இரண்டு படங்கள். தொடர் முழுக்க ரன் குவித்துவிட்டுக் காலில் அடிபட்டு விலகிய பிரதிகா ராவல் சக்கர நாற்காலியில் தேசியக் கொடியைப் போர்த்திக்கொண்டு மைதானத்துக்குள் வந்தது ஒன்று. அவருக்குப் பதிலாக வந்த ஷஃபாலி வர்மாதான் இறுதிப் போட்டியில் 87 ரன் எடுத்து ஆட்ட நாயகி ஆனார். இன்னொன்று, மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி, அஞ்சும் சோப்ரா ஆகிய முன்னாள் வீராங்கனைகளின் கையில் இந்த அணி கோப்பையைக் கொடுத்தது. காயம்பட்டவள், அவள் இடத்துக்கு வந்தவள், கோப்பை கிடைக்காமலே ஆடி ஓய்ந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரே இரவின் படங்களுக்குள் இருந்தார்கள். குழு என்பதை யாரும் விளக்காமலே அந்தப் படங்கள் விளக்கின. இதை ஓவியமாகவோ சிற்பமாகவோ எடுத்துச் செய்ய இந்தியாவில் எத்தனையோ கைகள் இருக்கின்றன. யாராவது கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அதற்குச் சரியான இடம் கண்ணகி நகர். சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களை 2000-லிருந்து கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தும், அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்குள்ள பிள்ளைகள் முகவரியை மறைத்த காலம் உண்டு. 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை ஏஷியன் பெயின்ட்ஸுடன் சேர்ந்து அந்தக் குடியிருப்புச் சுவர்களில் ஓவியர்களை வரவழைத்துப் பெரிய படங்களை வரையவைத்தது. சென்னையின் முதல் கலை மாவட்டம் என்று அதற்குப் பெயர். மாடி உயரத்துக்கு முகங்களும் வண்ணக் கட்டங்களும் வந்தன. அதே கண்ணகி நகரில்தான் பெண் பிள்ளைகள் கபடி பயின்றார்கள். அங்கிருந்துதான் கார்த்திகா பஹ்ரைனுக்குப் போனார். ஒரே ஊரில் தற்காலக் கலையும் இருக்கிறது, பெண்கள் கபடியும் இருக்கிறது. இரண்டும் ஒரே சுவரில் சந்திக்க வேண்டும். அதில் கார்த்திகா மட்டும் இருந்தால் போதாது. அவரோடு பயிற்சி செய்து, அவரை ஆயிரம் தடவை பிடித்து இழுத்து, பஹ்ரைனுக்குப் போகாமல் அங்கேயே இருக்கும் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

சுவர் கிடைத்தால் மட்டும் போதாது என்பதையும் என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். வரைகிறவர் இணையத்தில் ஒரு படத்தை எடுத்து ஏணியில் ஏறினால் மறுபடியும் கோப்பையும் புன்னகையும்தான் வரும். அவர் சில வாரம் மைதானத்து ஓரத்தில் உட்கார வேண்டும். விசில் எப்போது ஊதுகிறார்கள், எந்தப் பெண் எந்தப் பக்கம் விழுகிறாள், தண்ணீர் பாட்டிலை யார் கொண்டுவருகிறார் என்று பார்க்க வேண்டும். கோட்டுப் படத்தை முதலில் பார்க்க வேண்டியவர்கள் ஆடுகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். உடையைப் பற்றி, உடம்பைப் பற்றி அவர்கள் பேசட்டும். எங்கள் சுவரில் நான் பார்த்தது, தாய்மார்களை மைதானத்துக்கு அழைத்துவந்து ஓர் ஆட்டத்தை முழுதாகக் காட்டிய பிறகு டவுசரைப் பற்றிய பேச்சு தானாகக் குறைந்தது. “என் மக பிடிச்சா அவ்வளவு பெரிய பொண்ணு விழுதே” என்று ஒரு அம்மா சொன்னார். அவர் மகளின் உருவத்தை அதன் பிறகு யாரும் மாற்றச் சொல்லவில்லை. சுவரின் அடியில் ஓவியரின் பெயரும் நன்கொடையாளர் பெயரும் இருப்பதுபோல அணியில் உள்ள அத்தனை பேர் பெயரும், மாற்று ஆட்டக்காரர்கள் உட்பட, எழுதப்பட வேண்டும், அவர்களும் பெற்றவர்களும் சம்மதித்தால். வரைகிறவருக்கு உரிய கூலி கொடுக்க வேண்டும். இளம் பெண் ஓவியர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கிருந்து வெளியே வரும் பெண்கள் சாரம் கட்டிச் சுவர் வரையத் தயாராக இருக்கிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளே அதில் உண்டு.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் என் கோரிக்கை இதுதான். மாவட்ட விளையாட்டு அரங்கம் ஒவ்வொன்றிலும் ஒரு சுவரை அந்த மாவட்டத்துப் பெண்கள் அணிக்கு ஒதுக்குங்கள். ஆடிக்கொண்டிருக்கும் கணத்தை வரையவேண்டும், கூட ஆடுகிறவர்கள் எல்லோரும் அதில் இருக்கவேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை மட்டும் வையுங்கள். நிதிக்கு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இதைப் படிக்கிற உங்கள் ஊரிலும் ஓர் அரசுப் பள்ளியும், அதில் ஒரு பெண்கள் அணியும், வெள்ளையடித்துச் சும்மா கிடக்கும் ஒரு சுவரும் இருக்கலாம். ஒரு நாள் சாயங்காலம் போய் அந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். பிறகு தலைமை ஆசிரியரிடம் போய் அந்தச் சுவரைக் கேளுங்கள்.